பசங்களோட சேர்ந்து இயற்கை நோட்டு எழுதறவங்க இருக்கீங்களா?

திருப்பூர்_அம்மிணி:
வணக்கமுங்க. பையனுக்கு 9, பொண்ணுக்கு 6. வருசம் பூரா மரம், பூச்சி, பறவைனு பாக்கறத எல்லாருமா ஒரு நோட்டுல எழுதலாம்னு ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப ஆரம்பிச்சமுங்க. நெட்ல ஒரு சார்ட் பிரிண்ட் எடுத்தேன், அதுல வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு நாலு கட்டம். பொண்ணு "செவப்பு எலை எங்கம்மா?"ங்கறா, நான் எங்க போறது. பையன் வேற இதும் ஹோம்ஒர்க்கான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான், ரெண்டே வாரத்துல நோட்டு பரண்மேல போயிருச்சு. நீங்கெல்லாம் எப்படிங்க கொண்டு போறீங்க?

கிளுவைவேலி:
அந்த சார்ட்ட மொதல்ல அடுப்புல போடுங்க. நமக்குப் பருவம்னா காத்தும் மழையுந்தானுங்க. ஆனி ஆடில மழைய மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிட்டு பாலக்காட்டுக் கணவாய்ல வெறுங்காத்து மட்டும் வரும், நம்ம மழை ஐப்பசி கார்த்திகைல. அதனால தமிழ் மாசத்துக்கு ரெண்டு பக்கம்னு பிரிச்சுட்டோம். எங்களுக்கு காங்கேயம் பக்கம், வீட்டுக்குப் பின்னால ஒரு இட்டேரி (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண் தடம்), ஞாயித்துக்கிழமை காலைல அதே தடத்துல அரைமணி நேரம், அவ்வளவுதான். பங்குனில வேலில இருக்கற கிளுவை மரம் வெறுங்குச்சியா நிக்கும், நல்ல மழை ஒண்ணு பேஞ்சா பச்சையாயிரும். இலையுதிர் வேணும்னா அதக் காட்டுங்க. எழுதறதுக்கு எங்க பொடுசுக்குச் சோம்பல், அதனால அவனோட அமுச்சி (அம்மாவப் பெத்த பாட்டி) சொல்லச்சொல்ல நான் எழுதுவேன், அவன் படம் மட்டும் போடுவான். தை மாசப் பக்கத்துல, சின்னதுல அமுச்சி பூப்பறிக்கிற நோம்பிக்கு ஆவாரம்பூ பறிக்கப் போன கதையே மூணு பக்கம் போயிருச்சு, பூ படம் ஓரத்துல சின்னதாக் கெடக்குது.

மூணாவதுமாடி_கோவை:
இட்டேரிக்கு எங்க போறது, நாங்க அபார்ட்மென்ட். பால்கனில ஒரே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, எங்க நோட்டுல பாதி அதுதான். ஒரு நாள் இலை மேல காக்கா எச்சம்னு தொடைக்கப் போனா அது நகருது! புழுவாமா. கொஞ்ச நாள்ல தோல உரிச்சுட்டு பச்சையாயிருச்சு, மக குச்சில தொட்டதும் தலைக்குப் பின்னால செவப்பா ரெண்டு கொம்பு மாதிரி நீட்டுச்சு, ஒரு நாத்தம் வேற. கறிவேப்பிலை அழகிங்கற பட்டாம்பூச்சியோட புழுன்னு ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போட்டோ போட்டுத்தான் தெரிஞ்சுது. ரசத்துக்குத்தான் இலை மிஞ்சல 😄

நொய்யல்கரை_வாத்தியார்:
ஆப் தப்பில்லீங்க, ஆனா பேரு தெரிஞ்சதும் பசங்க பாக்கறத நிறுத்திருவாங்க, என் கிளாஸ்லயே பாத்திருக்கறேன். மொதல்ல வரைய விடுங்க, கால் எத்தனை, வாலை எப்படி ஆட்டுதுன்னு, அப்புறமா பேரு தேடலாம். திருப்பூர் அம்மிணிக்குத் தனியா ஒண்ணு: ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் உங்களுக்குப் பக்கந்தானே? 2024ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்த குளமுங்க. இமயமலையத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து கூட குளிர்காலத்துல அங்க வந்திருக்குது. பொங்கல் லீவுல தமிழ்நாடு பூராம் பறவை கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிசம் ஒரே எடத்துல நின்னு பாத்ததை எண்ணி இ-பேர்ட்ங்கற பறவைப் பதிவுத் தளத்துல போட்டாப் போதும், வீட்டு மொட்டைமாடில நின்னாலும் சரி. எண்ணுனு சொன்னா உங்க பையன் மூஞ்சி தானா எறங்கும் பாருங்க. மழைக்கு வாய் அகலமா அடி வரைக்கும் ஒரே சுத்தளவுல இருக்கற டப்பா ஒண்ண மொட்டைமாடில வெச்சு, காலைல உள்ளுக்கு ஸ்கேல் விட்டு மில்லிமீட்டர்ல எழுதச் சொல்லுங்க.

திருப்பூர்_அம்மிணி:
நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். டப்பா வெச்சாச்சு, நேத்து 11 மில்லிமீட்டர். பையன் பக்கத்து வீட்டு அண்ணன் டப்பாவுல 14னு கேட்டுட்டு வந்து, நம்ம டப்பாவுக்கு மேல துணி காயப்போடற கம்பி இருக்குதுன்னு காலைல ஏழு மணிக்கு எடத்த மாத்திட்டு இருக்கறான். பொண்ணு கறிவேப்பிலைச் செடி வாங்கித் தரச் சொல்றா, புழுவோட வேணுமாம்.