72 படம் என்ற கணக்கு: பெண்டாக்ஸ் 17 பிலிம் கேமராவைக் காப்பாற்றுமா?

இருட்டறை:
"பெண்டாக்ஸ் 17 என்ற புதுப் பிலிம் கேமரா வந்துவிட்டது, இனிப் பிலிம் கேமராவுக்கு அழிவே இல்லை, 36 படம் பிடிக்கும் ஒரு ரோலில் பாதி அளவுப் படமாக 72 கிடைப்பதால் செலவும் பாதியாகிவிடும்" என்று தம்பி ஒளியோவியன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 26 ஆண்டுகள் ஸ்டூடியோவில் பிலிம் கழுவியவன் நான். கேனான் தன் கடைசிப் பிலிம் கேமராவான இஓஎஸ்-1வி-யின் விற்பனையை 2018-இல் முடித்துக்கொண்டது. நிக்கான் எஃப்6 2020-இல் நின்றது. எங்கள் ஊட்டி பிலிம் ஆலையையே டிஜிட்டல் விழுங்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, 2024 ஜூனில் ஒரே ஒரு கேமரா வந்ததை வைத்துக்கொண்டு சந்தை மீண்டுவிட்டது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? நான் கொடுக்கும் லேபில் ஸ்கேனுக்குப் படக் கணக்கில்தான் காசு வாங்குகிறார்கள். 72 படத்துக்கும் காசு கொடுத்த பிறகு செலவு எங்கே பாதியாகிறது?

ஒளியோவியன்:
ஐயா, நின்றுபோனவற்றை மட்டுமே எண்ணுகிறீர்கள். லைக்கா எம்6 பிலிம் கேமரா 2022-இல் மறுபடியும் சந்தைக்கு வந்தது. கோடக் கைவிட்ட எக்டாகுரோம் பிலிம் 2018-இல் திரும்பியது. ஃபியூஜி 2018-இல் நிறுத்திய அக்ராஸ் பிலிம் அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இவற்றைப் பற்றி ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை. நான் சொன்னது பிலிமின் விலையை. 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம் என்பது கணக்கு. அதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

இருட்டறை:
லைக்கா எம்6 மறுபடி வந்தபோதே 5,000 டாலருக்கு மேல். அதை வாங்குகிறவர்களை வைத்து ஒரு சந்தையின் ஆயுளை அளக்கக் கூடாது. கணக்கு என்கிறீர்கள், கணக்காகவே பேசுவோம். முழு நெகட்டிவ் 24×36 மில்லிமீட்டர். பெண்டாக்ஸ் 17-இன் நெகட்டிவ் 17×24. பரப்பளவில் பாதிகூட வரவில்லை. உங்களுக்குக் கிடைப்பது 72 சின்னப் படம். அதைப் பன்னிரண்டுக்குப் பத்து பிரிண்ட் போட்டுப் பாருங்கள், முகத்தில் கிரெய்ன் என்ற பிலிம் துகள் மணல் தூவியதுபோல் நிற்கும்.

நீலகிரிவாசி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை டிஜிட்டல் விழுங்கியது என்று எழுதியிருப்பது சரியல்ல. 1960-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1990-களிலேயே நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அப்போது இந்தியாவில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? மக்கள் கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறியதும், எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனும், இறக்குமதிப் பிலிமின் போட்டியும்தான் அதைச் சாய்த்தன. என் தந்தை ஆலை இருந்த இந்து நகரில் வேலை பார்த்தவர் என்பதால் இந்தப் பழியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இருட்டறை:
உங்கள் தந்தையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே தயாரான 'இந்து' பிலிமைக் காசு கொடுத்து வாங்கிக் கழுவியவன் நான். அந்த ஆலையைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை இருக்கிறது. அது 2000-க்குப் பிறகும் தலைதூக்க முடியாமல் போனதற்கு டிஜிட்டல்தான் காரணம் என்பதிலிருந்து நான் மாறப்போவதில்லை. 72 படத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

மீனா35:
நீங்கள் இருவரும் 72-ஐ விட்டு வெளியே வர வேண்டும். பெண்டாக்ஸ் 17-இன் ஷட்டர் மின்னணுவில் இயங்குவது. சிஆர்2 பேட்டரி தீர்ந்தால் கேமரா அப்படியே நின்றுவிடும். 1976-இல் வந்த பெண்டாக்ஸ் கே1000-இல் பேட்டரியே இல்லாமல் இன்றும் நான் படம் எடுக்கிறேன். 20 ஆண்டு கழித்துப் புதிய கேமராவின் சர்க்யூட் போனால் யார் சரிசெய்வார்கள் என்பதுதான் கேள்வி. பிலிமைப் பொறுத்தவரை, 2015-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் சினிமா பிலிம் வாங்குவதற்குக் கோடக்குடன் ஒப்பந்தம் செய்யாதிருந்தால் நம் கைக்கு இன்று கலர் ரோல் வந்துகொண்டிருக்குமா என்பதே சந்தேகம்.

ஒளியோவியன்:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 2024 நவம்பரில் கோடக் ராசெஸ்டர் ஆலையில் பிலிம் உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தியது இயந்திரங்களை மேம்படுத்துவதற்காகத்தான். சாகப்போகும் தொழிலில் யாரும் அப்படிப் பணம் போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேமராவே போதும் என்று இருட்டறை ஐயா இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய எஸ்எல்ஆர் பிலிம் கேமராவை எனக்கு விற்றார். பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஓரத்துப் பஞ்சு தார்போல உருகி விரலில் கறுப்பாக ஒட்டியது. முதல் ரோலில் 36 படத்திலும் குறுக்கே செந்நிறக் கோடு விழுந்திருந்தது. அதில் என் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களும் இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய கேமரா ஏன் வேண்டும் என்பது அந்த ரோலைப் பார்த்தால் புரியும்.

இருட்டறை:
பஞ்சை மாற்றிய பிறகு ரோல் போடுங்கள் என்று கையில் கொடுக்கும்போதே சொன்னேன். அதைக் கேட்காமல் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துச் சென்றது யார் தவறு? சென்னை ஈரப்பதத்தில் நாற்பது வயதுக் கேமராவின் பஞ்சு உருகத்தான் செய்யும்; ஐம்பது ரூபாய்ப் பஞ்சை வெட்டி ஒட்டினால் இன்னும் முப்பது ஆண்டு ஓடும். ஆலையில் இயந்திரம் மாற்றுகிறார்கள் என்று மகிழ்கிறீர்கள். நீங்கள் முன்பு சொன்ன ஃபியூஜி 2013-இல் சினிமா பிலிமையும், 2021-இல் 400எச் பிலிமையும் நிறுத்தியதை மறந்துவிட்டீர்கள். ஆலைகள் ரோலைக் குறைத்துக்கொண்டே போகும்போது, ஒரு ரோலில் எத்தனை சின்னப் படம் எடுக்கலாம் என்ற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

நீலகிரிவாசி:
ஊட்டி ஆலையைப் பற்றி நீங்கள் எழுதியது இன்னும் திருத்தப்படவில்லை.

ஒளியோவியன்:
கேமராவைக் கொடுக்கும்போது பஞ்சைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஐயா. 36-இல் 72 வருமா, வராதா?