இறகு இல்லாமல் ஃபிளை கட்டுதல்: பெங்களூரு அனுபவங்கள்

ஃபிளை என்பது தூண்டில் முள்ளில் இறகு, ரோமம், நூல் கட்டிச் செய்யும் போலி இரை. அந்த இறகுக்குப் பதில் எதைக் கட்டலாம் என்று பெங்களூருவின் மூன்று பகுதிகளைச் சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

அல்சூர்:

மாற்றுப் பொருள் தேடும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், அந்த இறகு தண்ணீருக்குள் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். வூலி பக்கர் என்ற மூழ்கும் ஃபிளையின் வாலுக்கு மாரபூ என்ற பஞ்சு போன்ற இறகைக் கட்டுவதே, லேசாக இழுத்தாலும் அது அலைந்தாடும் என்பதற்காகத்தான். பொம்மை தைக்கும் பர் துணி (செயற்கை ரோமத் துணி) அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

துணியைக் கத்தரியால் வெட்டினால் ரோமத்தின் நுனி போய்விடும். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பிளேடால் கீறிப் பிரியுங்கள். ஒரு கொத்தை நுனியில் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால் வாரினால் குட்டைப் பஞ்சு கழன்று வரும். அதைச் சேர்த்து வையுங்கள், உடம்புக்கு உதவும். 8ஆம் எண் முள்ளுக்கு, அழுத்திப் பிடித்தால் தீக்குச்சியில் பாதித் தடிமன் இருந்தால் போதும். வாலின் நீளம் முள் தண்டின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீசும்போது வால் வளைவில் சுற்றிக்கொள்ளும், பிறகு ஃபிளை பக்கவாட்டில் சரிந்து வரும். நீளமாகத்தான் வேண்டும் என்றால், வாலுக்கு அடியில் 0.25 மி.மீ. தூண்டில் நரம்பில் சின்ன வளையம் ஒன்று கட்டி வாலைத் தாங்க விடுங்கள். மிச்ச ரோமத்தை வளைவின் மேலேயே நறுக்காமல் தண்டு முழுக்கப் படுக்கவைத்துக் கட்டினால்தான் உடம்பு மேடு பள்ளமில்லாமல் வரும்.

ஹேக்கிளுக்கு, அதாவது தண்டைச் சுற்றிச் சிலிர்த்து நிற்கும் இறகுக்குப் பதிலாக, நூல் வளையம். 8 செ.மீ. வளையம் விட்டு, இரண்டு இழைக்கும் தேன்மெழுகு தடவி, ஒன்றரை செ.மீ. ரோமத்தைக் குறுக்காக, அடியில் இருப்பது தெரியுமளவு மெல்லிசாகப் பரப்பி முறுக்குங்கள். மெழுகு தடவாவிட்டால் முறுக்கும்போதே ரோமம் பறந்துவிடும். நெருக்கிப் பரப்பினால் துடைப்பம் மாதிரி கட்டிதட்டும். முறுக்கியதைத் தண்டில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ரோமத்தை ஈர விரலால் பின்னால் நீவிவிட்டு அடுத்த சுற்றைப் போடுங்கள்.

மல்லேஸ்வரம்:

அல்சூர் அண்ணன் சொன்னது மூழ்கும் ஃபிளைக்குச் சரி. மிதக்கும் ஃபிளைக்கு அதே ரோமத்தைக் கட்டினால் நாலு வீச்சில் கீழே போய்விடும். வாத்தின் வால்பக்க இறகு மிதப்பது அதன் நுண்ணிழைகள் காற்றைப் பிடித்துவைப்பதால். அதற்கு ஈடாக, தண்ணீரைவிட லேசான இழை வேண்டும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி சுமார் 0.9, நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38.

கடையில் ‘நைலான் கயிறு’ என்று கொடுப்பது பல நேரம் பாலிப்ரொப்பிலீன்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பிரித்த இழையை அடிவரை அமுக்கிப் பாருங்கள். மேலே எழுந்து வந்தால் அது நைலான் இல்லை, மிதக்கும் இழை. சோப்பு இல்லாமல் சோதித்தால், ஒட்டியிருக்கும் காற்றிலேயே எல்லா இழையும் மிதந்து ஏமாற்றும். இந்த இழை கொஞ்சம் விறைப்பு. அதனால் 14ஆம் எண் முள்ளில் 10, 15 இழைக்கு மேல் வேண்டாம்.

இரும்பு முள்ளின் எடையை இழை மட்டும் தாங்காது. அவென்யூ ரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் 2 மி.மீ. ஈவா ஷீட்தான் (கைவினைக்கான நுரை ஷீட்) நிஜமாகத் தாங்கும். ஜிலேபிக் கெண்டைக்கு எறும்பு ஃபிளை கட்ட இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. பட்டையின் அகலம் முள்ளின் வாயகலத்துக்கு மேல் போனால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. தண்டில் முதலில் நூலைச் சுற்றி அடித்தளம் போட்டு, ஒரு சொட்டு ஃபெவிகுவிக் வைத்து, முதல் இரண்டு சுற்றையும் தளர்வாகப் போட்டுப் பிறகு இறுக்குங்கள். எடுத்ததுமே இறுக்கினால் மெல்லிய நூல் ஷீட்டை அறுத்துவிடும். பசை வைக்காவிட்டால் உடம்பு தண்டைச் சுற்றிப் புரளும். தெர்மாகோல் மட்டும் வேண்டாம், தலைக்குப் பூசும் நெயில் பாலிஷ் பட்டாலே கரைந்துவிடும்.

ஃபிரேசர் டவுன்:

சட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும். சால்மன் ஃபிளைகளில் கண் போல வைக்கும் இறகு நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. 1902லேயே பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை வந்தது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்தப் பறவையை வேட்டையாடுவதும் குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்தக் கண்ணுக்கு, மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கை 4 மி.மீ. நீள முட்டை வடிவில் வெட்டி, மஞ்சள் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே சாய்வு. ஒன்று தூக்கினாலும் ஃபிளை சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

ஃபிளையின் உடம்புக்குச் சுற்றும் மயிலிறகுக்குப் பதிலாக, அல்சூர் அண்ணன் எடுத்துவைக்கச் சொன்ன பஞ்சில் கரும்பச்சை நாலு பங்கு, பொடியாக நறுக்கிய பச்சை ஜிகினா ஒரு பங்கு. ஜிகினா கூடினால் மின்னும், ஆனால் பூச்சி மாதிரி இருக்காது. மயிலிறகு இழை மீன் பல் பட்டால் அறுந்துவிடும், இது அறாது. மழைக்காலப் பூஞ்சையும் அந்துப்பூச்சியும் இதைத் தொடாது.

ஒரு குறை உண்டு: நறுக்கிய துண்டுகள் அத்தனையும் பிளாஸ்டிக். மேசையின் கீழே பையைக் கட்டித் தொங்கவிடுங்கள், கரையில் உட்கார்ந்து கட்டாதீர்கள். பிடித்த மீனை விடப்போகிறீர்கள் என்றால், முள்ளின் எதிர்ச்செதிலை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூரை) கட்டத் தொடங்கும் முன்பே இடுக்கியால் அமுக்குங்கள். கட்டி முடித்த பிறகு அமுக்கி முள் உடைந்தால், அரை மணி நேர வேலையும் சேர்ந்து போகும்.