ராட்சத ரோபோ கதையில் குழுச் சண்டையை எப்படி எழுதுவது?

அல்சூர்வாசி:
பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியின் ரோபோ, 2017-இல் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரி நுரையிலிருந்து எழும் அரக்கனோடு மோதும் கதை எழுதுகிறேன். உள்ளே மூன்று பேர், ஒருவருக்கொருவர் ஆகாது. இந்த மூவருக்குள் நடக்கும் சண்டை கதையோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

மெக்கானிக்:
சண்டையை வேலையிலிருந்தே எடுங்கள் அண்ணா. அதே வடிவில் உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, காலின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான்; அதனால் காலுக்குப் பாரம் தாங்காது. ஜப்பானின் யோகோஹாமாவில் 2020-இல் காட்சிக்குத் திறந்த 18 மீட்டர் ரோபோவையே இடுப்பில் ஒரு சட்டம் தாங்கிப் பிடித்திருந்தது. கால் ஓட்டுபவர் முட்டி தாங்காது என்று கத்தட்டும், மேலாளர் சண்டையில் இடிந்த சில்க் போர்டு மேம்பாலத்துக்கு நஷ்டஈடு யார் கட்டுவது என்று கேட்கட்டும்.

நைட்ஷிஃப்ட்:
அப்புறம், ஆறிப்போன புளியோதரையை மூவரும் ஒரே டப்பாவில் பங்கு போடும் இடம் ஒன்று வையுங்கள். எனக்கு அங்கேதான் அவர்களைப் பிடிக்கும்.

அல்சூர்வாசி:
சரி, அதை இன்றைக்கே எழுதுகிறேன்.