ஒக்கி முதல் மே 5 வரை: வியாபாரிகள் சங்கத்தோடு உங்கள் அனுபவம் என்ன?

ஃபேன்சி கடை அக்கா, தக்கலைப் பக்கம்

நானே தொடங்கி வைக்கிறேன். ஒக்கிப் புயல் நம் குமரி மாவட்டத்தை அடித்த வாரம். பட்டவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று போன மின்சாரம், எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கடைவீதியில் ஜெனரேட்டர் ஓடியது சங்கக் கட்டட மாடியில் மட்டும்தான். நீளமான மேஜை, அதன்மேல் நெருக்கிப் பரப்பிய செல்போன்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டுக்குள் செருகிய துண்டுச் சீட்டில் கடைப் பெயர்.

என் போனை எடுக்கப் போன நேரத்தில் மீன்காரப் பாட்டி ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். சந்தை வாசலில் கூடை வைத்து விற்பவர். மடியிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து, மகன் கடலுக்குப் போயிருக்கிறான், யாராவது கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்றார். பொருளாளர் சந்தா நோட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எந்தக் கடை அம்மா?" என்று கேட்டார்.

"கடை ஏது மக்களே, கூடைதானே."

அவர் விரலை வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். கூடைக்கு எந்தப் பக்கம் இருக்கும்? ஆனாலும் தேடிக்கொண்டே இருந்தார். செயலாளர் ஒன்றும் பேசாமல் தன் போனைப் பிடுங்கிவிட்டுப் பாட்டியின் போனைச் செருகப் பார்த்தார். பொருந்தவில்லை. சின்ன ஊசி போட்ட அந்தப் பழைய சார்ஜர் அங்கே யாரிடமும் இல்லை. கீழே செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டு, பூட்டிய ஷட்டரைத் திறக்கவைத்து, டார்ச் அடித்துத் தேடி எடுத்து வந்தார்கள். கடைக்காரர் காசு வாங்கவில்லை.

அந்த மகன் லட்சத்தீவில் கரையேறியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு இன்னும் உறுத்துவது அந்த நோட்டுதான். பொருளாளர் கெட்டவர் அல்லர். என் கடைக்கு வங்கிக் கடன் கிடைக்க மேலாளரிடம் வந்து பேசியவரே அவர்தான். ஆனால் மாதச் சந்தா ரசீதைக் கையில் வாங்கும்போதெல்லாம் அந்த விரல் பக்கங்களில் ஊர்ந்தது கண்ணுக்கு வருகிறது.

முன்னாள் நிர்வாகி, கல்குளம்

அக்கா, அந்தப் பொருளாளர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். டீசல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பங்க்குகளிலும் மின்சாரம் இல்லை. நாங்கள் கேன் கட்டிக்கொண்டு வெகுதூரம் போய் வாங்கி வந்தோம். அது உறுப்பினர்கள் கட்டிய காசு. நாளைக்குப் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்பார்கள். நோட்டைப் பார்க்காமல் இருந்தால் அதற்கும் திட்டுவார்கள். செயலாளருக்குப் பெருந்தன்மை சுலபம். கணக்கு எழுதுவது அவர் இல்லையே.

எனக்கு நினைவில் நிற்பது வேறு. விழுந்த மின்கம்பங்களை நட வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள் அல்லவா, அவர்களில் ஒரு கூட்டத்துக்கு எங்கள் சங்கம் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட்டது. முதல் நாள் சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும். விழுப்புரத்துப் பையன் ஒருவன் அந்தத் தடித்த சோற்றை இலையில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வெந்துவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டான். பந்தியே சிரித்தது. ஆனால் அவன் காலையிலிருந்து கம்பத்தின்மேல் நின்றவன். சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

அன்று இரவே பொன்னி அரிசி இரண்டு மூட்டை வந்து இறங்கியது. அனுப்பியவர் யார் தெரியுமா? சங்கத் தேர்தலில் தோற்று, எங்களையெல்லாம் ஏசிவிட்டுச் சந்தாவை நிறுத்திய மொத்த வியாபாரி. பேச்சுவார்த்தையே கிடையாது. லோடுமேனிடம் "சங்கத்துக்கு இல்லை, கரண்ட்காரர்களுக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நன்றி சொல்லி ஒரு கடிதம் போடலாம் என்றேன். நிர்வாகக் குழுவில் ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

கருவாட்டுக் கடை, திங்கள்சந்தை வட்டாரம்

என் அனுபவம் சின்னது. தராசு முத்திரை, அதாவது எடை சரிதான் என்று அரசு அடிக்கும் முத்திரை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடையைப் பூட்டிவிட்டு, தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி முத்திரைக் கூடம் வரை போனால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. சங்கம் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுத்து முகாமை நம் ஊருக்கே கொண்டுவருகிறது. எனக்கு இந்த ஒன்றே போதும், வேறு எதுவும் செய்யவில்லை என்றாலும் சந்தா கட்டுவேன்.

ஒரு முகாமில் எனக்கு முன்னால் நின்ற காய்கறிக்கார அண்ணன் தன் இரும்புக் கற்களைச் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு கிலோ கல் குறைகிறது என்று ஆய்வாளர் சொன்னார். தேய்மானம்தான். அடியில் குழிக்குள் இருக்கும் ஈயம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தோம். மனிதர் வெலவெலத்துப்போனார். அந்தக் கல்லை வைத்து எத்தனை வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு நிறுத்துப் போட்டோமோ என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. ஈயம் உருக்கி ஊற்றிச் சரிசெய்து, முத்திரை அடித்துக் கையில் கொடுத்த பிறகும் கல்லைச் சாக்கில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டீக்கடை, நாகர்கோவில்

எல்லோரும் சங்கத்துக்கு மாலை போடுகிறீர்கள். நான் வேறு மாதிரி.

மே 5 வணிகர் தினம். மாநாடு, கடைக்கு விடுமுறை. போகிறவர்கள் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கடைக்கு எதிரே ஆஸ்பத்திரி. அன்றைக்கு யாருக்கும் பிள்ளை பிறக்காதா? பால்பவுடர் கலக்க வெந்நீர் கேட்டுக் கையில் பிளாஸ்க்கோடு வருகிறவரிடம் "இன்று வணிகர் தினம்" என்று சொல்லச் சொல்கிறீர்களா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே அடுப்பை எரியவிட்டேன். கீழ் வழியாக டம்ளர் போய்க்கொண்டிருந்தது.

பைக்கில் நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். "முழுக்க இறக்குங்கள் அண்ணாச்சி, மற்ற கடைக்காரர்கள் கேட்கிறார்கள்" என்றார்கள். வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் அதில் ஒருவர், வெயிலில் சுற்றிய களைப்பு போல, குரலைத் தாழ்த்தி "சரி, நாலு டீ கொடுங்கள், குடித்துவிட்டுப் போகிறோம்" என்றார். அதையும் ஷட்டருக்கு அடியில்தான் நீட்டினேன். குனிந்து வாங்கினார்கள். காசு கொடுத்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும்.

முன்னாள் நிர்வாகி அண்ணாச்சிக்கு: கடையடைப்புக்குச் சுற்றறிக்கை அடிக்கும் நீங்கள், ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் கடைக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் மாநாடு நின்றுவிடுமா?

முன்னாள் நிர்வாகி, கல்குளம்

விலக்கு என்றால் எல்லோருக்கும் எதிரே ஒரு ஆஸ்பத்திரி முளைத்துவிடும். மருந்துக்கடைக்கும் பாலுக்கும் எப்போதும் விலக்கு உண்டு. வணிகர் நல வாரியம் 1989இல் வந்தது, இறந்த வியாபாரியின் குடும்பத்துக்கு உதவித்தொகை வருகிறது, இவையெல்லாம் வீட்டில் இருந்து வாங்கியவை அல்ல. கூட்டம் கூடியதால் வந்தவை.

தும்பு (தேங்காய் நார்) ஏற்றுமதி, குளச்சல் பக்கம்

நீங்கள் பேசுவதெல்லாம் வியாபாரிகள் சங்கம். வர்த்தக சபை என்பது வேறு சாதி. சென்னையில் 1836இல் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சேர்ந்து ஒன்றை வைத்தன. 1909இல் நம்மவர்கள் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கினார்கள். ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

எனக்கு அது புரிந்த விதம் சுவையானது. முதல் கன்டெய்னர் அனுப்பும்போது வாங்குபவர், சரக்கு இந்தியாவில் விளைந்ததுதான் என்று வர்த்தக சபை முத்திரையோடு சான்று கேட்டார். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் என் அப்பாவின் நண்பர். அன்போடு லெட்டர்பேடில் எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார். தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்ட் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். மேலே வள்ளுவர் சிலை, இரு ஓரமும் நிர்வாகிகளின் பெயரும் கைப்பேசி எண்ணும். "இது என்ன சார், கோவில் கொடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது" என்றார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அங்கிருந்த வர்த்தக சபையில் முறைப்படி விண்ணப்பித்து வாங்கினேன். இப்போது எல்லாம் இணையத்தில் மின்சான்றாகிவிட்டது.

தலைவரிடம் போய் "அந்தக் கடிதம் செல்லவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் பார்க்கிற இடத்தில் "நம் கடிதத்தில் சரக்கு போனது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை

தும்புக்காரரே, சபை பெரிது சங்கம் சின்னது என்று தட்டிக்கழிக்காதீர்கள். மேம்பாலம் கட்டிய காலத்தில் எங்கள் சாலை இருந்த இருப்புக்கு எந்தத் துறைமுகச் சபை வந்து நின்றது? பாலம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள், அது தனிக்கதை. தூசியில் வெள்ளை வேட்டி அலமாரியில் இருக்கும்போதே காவியாகிவிடும். நாங்கள் பத்துக் கடைக்காரர்கள் பணம் போட்டுத் தண்ணீர் லாரி வைத்துச் சாலையை நனைத்தோம். லாரி வந்து போன அரை மணி நேரம்தான் துணியை வெளியே தொங்கவிடுவோம்.

2019இல் பாலம் திறந்தார்கள். முதல் மாதத்தில் ஒரு நாள் கடை வாசலில் நின்று மேலே பார்த்தேன். என் பழைய வாடிக்கையாளர் குடும்பம், ஆண்டுதோறும் கல்யாணத் துணி எடுப்பவர்கள், பாலத்தில் ஊர்ந்த காரின் ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்துக்கொண்டே திருவனந்தபுரம் பக்கம் போனார்கள். நானும் கையசைத்தேன். வேறு என்ன செய்ய?

வரிக் கணக்கர், ஓய்வு

நல்ல பதிவுகள். என் அனுபவம் சுருக்கம்: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஒரு சங்கத்தில் வகுப்பு எடுத்தேன். பலசரக்குக் கடைப் பெரியவர் ஒருவர் கடைசி வரை குறிப்பெடுத்தார். முடிந்ததும் நோட்டைக் காட்டினார். நான் சொன்னது ஒன்றும் இல்லை. மண்டபத்துக்கு வந்தவர்களில் யார் யார் தனக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல்.

இனி, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சில விஷயங்கள். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவானது என்றால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவுசெலவைத் தணிக்கை செய்ய வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பல சங்கங்கள் தேர்தல் நடத்தி மாலை போட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுகின்றன. பிறகு வங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது என்று தகராறு. நன்கொடைக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உணவு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான தேதிகளைக் கடைச் சுவரில் எழுதிவையுங்கள். சங்கம் நினைவூட்டும் என்று இருக்காதீர்கள். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஜவுளிக்கடை நண்பர் கவனிக்க. அக்கா சொன்ன மீன்காரப் பாட்டி போன்றவர்களுக்கு 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி ஊருக்கு ஊர் அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் தெரு வியாபாரிகளுக்கே, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அவர்கள் தனிச் சங்கம் வைத்துக்கொண்டால் யார் நோட்டிலும் பெயர் தேட வேண்டியதில்லை. தும்பு நண்பர் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. டீக்கடை நண்பர் பொதுக்குழுவில் எழுத்துமூலம் கோரிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஃபேன்சி கடை அக்கா, தக்கலைப் பக்கம்

சார், அந்தப் பாட்டி தனிச் சங்கம் வைத்து, பதிவு செய்து, தணிக்கை முடித்து வருவதற்குள் புயல் கரையைக் கடந்துவிடும். நான் கேட்டது சார்ஜர் விஷயம்.

கருவாட்டுக் கடை, திங்கள்சந்தை வட்டாரம்

இருக்கை விஷயம் கருவாட்டுக் கடைக்கும் உண்டா? எனக்கே உட்கார இடம் இல்லை.

டீக்கடை, நாகர்கோவில்

கணக்கர் சார், எழுத்துமூலம் கொடுத்தேன். போன பொதுக்குழுவில் என் கோரிக்கையைச் செயலாளர் மைக்கில் வாசித்தார். "ஆஸ்பத்திரி எதிரே உள்ள தேநீர்க் கடைகளுக்குக் கடையடைப்பில் விலக்கு." கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் தூக்கினார்கள். எண்ணிக்கொண்டிருந்தபோதே ஒருவர் எழுந்து, அப்படியானால் பஸ் நிலையம் எதிரே உள்ளவர்களுக்கும் வேண்டும் என்றார். இன்னொருவர் கோர்ட் எதிரே என்றார். தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். முன்னாள் நிர்வாகி அண்ணாச்சி சொன்னது பலித்துவிட்டது, அதை நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. அடுத்த தேர்தலில் டீக்கடைக்காரர்கள் சார்பில் ஒரு ஆளை நிறுத்துகிறோம். அவர் வந்தாலாவது அந்தப் பட்டியலை எழுதி முடிக்கட்டும்.