மாயன் கட்டடங்களின் கூரை: "பொய் வளைவு" வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நடு அமெரிக்கத் தொல்கட்டடங்கள் பற்றிய கட்டுரைக்கு நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில், மாயன் கட்டடக் கூரைக்கு நேரே "பொய் வளைவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். முன்மொழிந்த பொறியாளர் ஐயா அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் பொய் வளைவு என்கிறார்கள், ஸ்பானிய மொழியிலும் பொய் என்ற அடைமொழியோடுதான் வழங்குகிறது, ஆகவே நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம் என்கிறார். பட்டியல் அச்சுக்குப் போகும் முன் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது மாற்றிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

எதை வைத்துப் பொய் என்கிறோம்? ரோமானியர் கட்டிய வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும். உச்சியில் நடுக்கல்லைப் பொருத்தும்வரை கீழே சென்ட்ரிங் கொடுத்துத் தாங்க வேண்டும். பாதி வளைவு தானாக நிற்காது. மாயர்களின் முறை வேறு. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி வைத்துக்கொண்டே போகிறார்கள். நீட்டிய கல் கவிழாமல் அதன் பின்புறத்தைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த திணிப்பு அழுத்திப் பிடிக்கிறது. மேலே இடைவெளி ஒரு கல் அகலத்துக்குக் குறைந்ததும் குறுக்கே ஒரு மூடுகல். மெக்சிகோவின் யுகட்டான் காட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சரிந்துபோன பிறகும் மறுபக்கப் பாதி மட்டும் அப்படியே நிற்கும் அறைகள் நிறைய உண்டு. ஆப்புக்கல் வளைவில் அது நடக்காது. ஆக, இது ரோமானிய வளைவைக் கட்ட முயன்று தவறிப்போன ஒன்று இல்லை. வேறொரு விதிப்படி நிற்கும் கட்டுமானம்.

மெக்சிகோவிலுள்ள பலெங்கே என்ற மாயன் ஊரில் கல்வெட்டுக் கோயில் என்று அழைக்கப்படும் பிரமிடை நினைத்துப் பாருங்கள். 1949இல் அல்பெர்த்தோ ரூஸ் என்ற தொல்லியலாளர் மேல்கோயிலின் தரைப் பலகைக் கல் ஒன்றைத் தூக்கியபோது கீழே இறங்கும் படிக்கட்டு தெரிந்தது. அது முழுக்கக் கல்லும் மண்ணும் கொட்டி அடைத்திருந்தது. அள்ளி முடிக்கவே பல பருவங்கள் ஆயின. 1952இல்தான் அடியில் இருந்த கல்லறைக்குள் போனார். 683இல் இறந்த பக்கால் அரசரின் கல்லறை அது. உயரம் சுமார் 7 மீட்டர். பிரமிடின் பெரும்பாரம் முழுவதும் அதன் தலைக்கு மேலே. 1,269 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கூரைக்கடியில் ஒரு மனிதர் நிமிர்ந்து நின்று பார்க்க முடிந்தது. அந்தக் கூரையைப் பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஸ்பானிய மொழியைத் துணைக்கு அழைத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே மொழியில் "வரிசைகள் நெருங்கிவருவதால் ஆன கூரை" என்று பொருள்படும் இன்னொரு தொடரும் இதற்கு வழங்குகிறது. இல்லாததைச் சொல்லாமல், கல் என்ன செய்கிறதோ அதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்த வழிதான்.

ஆங்கிலக் கார்பெல் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது காக்கையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சுவரிலிருந்து நீண்ட தாங்குகல்லைக் காக்கை மூக்குப் போலச் சாய்த்துச் செதுக்குவார்களாம். அவர்கள் கண்ணில் பட்டதை வைத்து அவர்கள் பெயரிட்டார்கள். நாமும் நம் கண்ணில் படுவதை வைத்தே பெயரிடலாமே.

அடுத்து, கோயிற்கலை படித்த அம்மையார் முன்வைத்த கதலிகாகரணம். கல்லை வரிசை வரிசையாக உள்ளே நீட்டி அடுக்கும் முறைக்கு நம் கோயிற்கலையில் உள்ள பெயர் அது. இது நல்ல சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடு மேலே போகப் போகக் குறுகுவது இந்த முறையில்தான். கல் நீளும் விதியும் ஒன்றே. ஆனாலும் மாயன் கட்டடத்துக்கு இதைப் பொருத்த எனக்கு இரண்டு தயக்கங்கள். தஞ்சையில் கருங்கல் கருங்கல்லின் மேல் சாந்தில்லாமல் உட்கார்ந்து தன் எடையாலேயே நிற்கிறது. மாயர்களிடம் சுண்ணாம்புதான் உயிர். அதிலும் உஷ்மால், லப்னா போன்ற, யுகட்டானின் பூக் வட்டார ஊர்களில், பிற்காலத்தில், உட்புறம் தெரியும் கற்களை பூட்ஸ் வடிவத்தில் செதுக்கி, அவற்றின் வாலைத் திணிப்புக்குள் புதைத்தார்கள். அங்கே முகக்கல் பெரும்பாலும் போர்வைதான். பாரத்தைச் சுமப்பது உள்ளே இறுகிப்போன சுண்ணாம்புத் திணிப்பு. கதலிகாகரணம் என்று எழுதினால் வாசிப்பவர் மனத்தில் சாந்தில்லாத கருங்கல் அடுக்குதான் வரும்.

இரண்டாவது தயக்கம் வேறு மாதிரி. நம் புராணச் சிற்பி மயன், அங்கே மாயன் என்ற ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு நம் சிற்பிகள்தான் அங்கே போய்க் கட்டினார்கள் என்று இணையத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் தொல்லியல் சான்று எதுவும் கிடையாது. ஒரு கல்லை இன்னொன்றின் மேல் நீட்டி வைக்கும் அறிவு உலகில் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. தென் அமெரிக்காவில், பெருவின் சில்லுஸ்தானியில் கொல்லா (Colla) என்ற இன மக்கள் எழுப்பிய சுல்பா என்னும் கல்லறைக் கோபுரங்களின் உள்ளறைகளும் இப்படித்தான் மேலே குறுகுகின்றன. அவர்களுக்கு மாயர்கள் சொல்லித்தரவில்லை. மாயர்களுக்கு நாமும் சொல்லித்தரவில்லை. கோயில் நூற்சொல்லைப் போட்டு, அந்தத் தவறான கதைக்கு நம் பட்டியலே சாட்சி ஆகிவிடக் கூடாது.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். முதலில் "நெருங்கடுக்கு" என்று யோசித்தேன். நெருக்கமாக அடுக்கியது என்று பொருள் மாறிவிடும். "முந்தடுக்கு" என்றால் முந்தைய அடுக்கு என்று படிப்பார்கள். கடைசியில் "நீட்டடுக்கு" என்பதில் நின்றேன். நீட்டி அடுக்குவது நீட்டடுக்கு. ஒரு கொத்தனாரிடம் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார். தனியாக நீண்டு நிற்கும் கல் நீட்டுக்கல். இந்த முறையில் அமைந்த வாசல் நீட்டடுக்கு வாயில். சுல்பாவின் உள்ளே இருப்பது போல வட்டமாகக் குவிந்தால் நீட்டடுக்குக் குவிமாடம். ஒரு வேரிலிருந்து இத்தனை சொல் கிளைப்பதால்தான் இதன்மேல் எனக்கு நம்பிக்கை.

அறைக்கு மேலே நீளமாகப் போகும் அமைப்புக்கு மட்டும் "நீட்டடுக்குக் கவிகை" என்று எழுதி வைத்திருந்தேன். கவிகை பழஞ்சொல், அழகான சொல். ஆனால் லப்னாவின் புகழ்பெற்ற வாயிலை மறுபடி பார்த்ததும் மனம் மாறியது. அந்த வாயிலின் ஒரு முகப்பில், இரண்டு பக்கமும், ஓலை வேய்ந்த குடிசை வடிவத்தைக் கல்லிலேயே செய்து பதித்திருக்கிறார்கள். அந்தக் குடிசையை இன்றும் யுகட்டான் ஊர்களில் மாயர்கள் கட்டி வாழ்கிறார்கள். அதனுள்ளே நின்று மேலே பார்த்தால் இரண்டு பக்கமும் சரிந்து ஏறி உச்சியில் சேரும். கல்லறையிலும் அரண்மனையிலும் உள்ள அறைகள் அதே வடிவத்தைத்தான் உள்ளே காட்டுகின்றன. கவிகை என்றால் குடை. உருண்டை நினைவுக்கு வரும். கூரை வீடு என்று நாம் சொல்வது ஓலையோ வைக்கோலோ வேய்ந்த வீட்டை. இந்த வடிவத்துக்குக் கூரை என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, நீட்டடுக்குக் கூரை.

இந்தக் கூரைக்கு ஓர் எல்லையும் உண்டு, அதைக் கட்டுரையில் மறைக்க வேண்டாம். அறையின் அகலம் பெரும்பாலும் 3 மீட்டருக்குள்தான் அடங்கும். அதனால்தான் உஷ்மாலின் ஆளுநர் மாளிகை சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு ஓடினாலும் உள்ளே அறைகள் ஒடுக்கமாக இருக்கின்றன. பக்கச் சுவர்களும் தடிமனாக வேண்டும். இரண்டு சரிவுகளுக்கும் இடையே மரக்கட்டைகளைக் குறுக்கே கொடுப்பார்கள். குவாத்தமாலாவிலுள்ள திக்கால் என்ற மாயன் நகரில் வாசல் உத்தரங்களுக்குச் சப்போட்டா மரம் போட்டிருக்கிறார்கள். நாம் பழம் தின்னும் அதே சப்போட்டாதான், அதன் தாய்நிலமே அந்தப் பக்கம். வைரம் பாய்ந்த அந்தக் கட்டைகளில் சில, ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கியிருக்கின்றன.

கூடவே இன்னும் இரண்டு சொல். உச்சியில் வைக்கும் கல்லை வெறும் "மேல்கல்" என்று போட்டிருக்கிறோம். மூடுகல் என்று மாற்றலாம். யுகட்டான் பகுதியில் அந்த ஒரு கல்லில் மட்டும் மாயர்களின் கவீல் என்ற தெய்வத்தை வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள், பலவற்றில் நாளும் குறித்திருக்கும். தனிப்பெயர் பெறத் தகுதியான கல். அப்புறம், கோயிலின் கூரைக்கு மேலே உயர எழும்பும் அலங்காரச் சுவருக்குக் "கூரைச் சீப்பு" என்பது நேர் மொழிபெயர்ப்பு. தமிழில் படித்தால் சீப்புதான் கண்ணுக்குத் தெரிகிறது, கட்டடம் தெரியவில்லை. "முகட்டுச் சுவர்" போதும்.

மெக்சிகோவின் தொல்நகரமான தியோத்திவாக்கானின் தாலுத்–தப்லேரோ என்ற மேடை அமைப்பின் பெயரை இன்னும் என்னால் தீர்க்க முடியவில்லை. கீழே சாய்வான சுவர், அதன் மேல் செங்குத்தாகச் சட்டமிட்ட பலகம், இப்படியே அடுக்கடுக்காக ஏறும் மேடை. "ஜகதி, பட்டிகை" என்று நம் கோயில் அடிப்பீடமான அதிட்டானத்தின் உறுப்புப் பெயர்களை வைக்கலாம் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. நம் ஜகதி பெரும்பாலும் நேராக நிற்பது, அங்கே முக்கியமே சாய்வு. "சாய்சுவர்–சட்டப்பலகம்" என்று எனக்காக மட்டும் தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் நாக்கில் புரளவில்லை. அந்தச் சட்டப்பலகத்தையும் கீழே தாங்குவது சாய்சுவரின் தலையிலிருந்து வெளியே நீண்ட பலகைக் கற்கள்தான். அவற்றுக்கு மட்டும் நீட்டுக்கல் என்ற பெயர் இப்போதே பொருந்திவிடுகிறது. மீதிக்கு நல்ல சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள், அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.