பொருள்: ‘வெல்லமில்லா நீரிழிவு’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாமல் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நோய் டயபடிஸ் இன்சிபிடஸ். அதற்குத் தமிழில் ‘வெல்லமில்லா நீரிழிவு’ என்கிறீர்கள். பொருள் சரிதான். நீர் இறங்கி ஓடுவதே நீரிழிவு என்றால், அது இந்த நோய்க்குத்தான் கச்சிதம். ஆனால் அந்தப் பெயரைச் சர்க்கரை பிடித்துக்கொண்டுவிட்டது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் நீரிழிவு என்றாலே இனிப்பு நீர். மலாய் மொழியிலும் ‘கென்சிங் மானிஸ்’, அதாவது இனிப்புச் சிறுநீர்தானே. முன்னால் எந்த அடைமொழி போட்டாலும் காதில் விழுவது இனிப்புதான்.

எங்கள் தோட்டத்து மாமா ஒருவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டார். வீட்டுக்கு வந்தபின் அடங்காத தாகம். ராத்திரிக்குள் ஒன்றரை லிட்டர் போத்தல் நான்கு காலி. சிறுநீரோ பைப்புத் தண்ணீர் மாதிரி. சீட்டில் ‘டயபடிஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அத்தை சீனி டப்பாவை ஒளித்துவிட்டார். ஒரு மாதம் முழுக்க மாமாவுக்கு தே ஓ கோசோங், சீனியும் பாலும் இல்லாத தேநீர்! விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 5.2 மில்லிமோல், சரியான அளவுதான். பாவம் மனிதர்.

நீரைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது வாசோபிரசின் என்ற ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உண்டாகி, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக வருகிறது. தலைக்காயம், அறுவை, கட்டி போன்றவற்றால் அது குறைவது ஒரு வகை. அது வந்தும் சிறுநீரகம் மசியாதது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை, மனநலத்துக்குத் தரும் லித்தியம் மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் பிறவியிலும் வரும். இரண்டிலும் பெரியவர்களுக்கு நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும். மருத்துவர் கண்காணிப்பில் தண்ணீரை நிறுத்தி, பிறகு வாசோபிரசின் போன்ற செயற்கை மருந்தான டெஸ்மோபிரசின் கொடுத்து, சிறுநீர் அடர்த்தியாகிறதா என்று பார்ப்பார்கள். அடர்ந்தால் முதல் வகை, டெஸ்மோபிரசினே அதற்கு மருந்தும். இரண்டாவதற்கு உப்பைக் குறைத்து தையசைடு தருவார்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை இங்கே குறைக்கிறது, வேடிக்கைதான்.

பெயர்க் குழப்பத்தால் மருத்துவமனைகளிலேயே டெஸ்மோபிரசின் கொடுக்காமல் விட்டு உயிர் போனதுண்டு. அதனால்தான் 2022இல் உலக அளவில் மருத்துவர்களே பழைய பெயரைக் கைவிட்டு, வாசோபிரசின் குறைபாடு, அதற்கு இணங்காமை என்று இரண்டாகப் பிரித்தார்கள். நாம் மட்டும் பழசையே ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

முதலில் ‘சப்பு நீர்’ என்று யோசித்தேன். இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. வீட்டில் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். சரி, இப்போது என் பரிந்துரை: ‘நீர்க்காப்புக் குறை’, ‘நீர்க்காப்பு மறுப்பு’.

‘மறுப்பு’தான் உறுத்துகிறது. சிறுநீரகம் வேண்டுமென்றா மறுக்கிறது? ‘கேளாமை’ என்றால் காது நோயாகிவிடும். உங்களிடம் வேறு சொல் உண்டா ஐயா?