சிப்பிக் காளானுக்கு வீட்டில் ஈரப்பதக் கூண்டு: மிஸ்ட் மேக்கரை எங்கே வைப்பது?

பால்கனிப்பயிர்:
வணக்கம். சென்னையில் மூடிய பால்கனியில் வெள்ளைச் சிப்பி நாலு பை, 60 x 30 செ.மீ. அளவு. பையெங்கும் வெள்ளைப் பூசண இழை முழுசாகப் பரவிவிட்டது. ஈரச்சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்தும் மொட்டுகள் மஞ்சளாகிக் காய்கின்றன. இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்தடி உயரத்தில் தட்டு ரேக் இருக்கிறது. அதைப் பாலிதீனால் மூடி, அடியில் மிஸ்ட் மேக்கர் (வட்டு அதிர்ந்து தண்ணீரைப் பனிப்புகையாக்கும் கருவி) வைத்தால் போதுமா? எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? ஈரப்பத மீட்டர் 99 சதவீதம் காட்டினால் நல்லதுதானே?

வைக்கோல்பெட்:
99 நல்லதில்லை. 80–90 போதும். சும்மா மூடிப் பனிப்புகையை நிரப்பினால் மொட்டு காயாது, ஆனால் காம்பு நீண்டு குடை பொத்தான் மாதிரி நின்றுவிடும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்குவதுதான் காரணம். அதனால் ஈரமும் புதுக்காற்றும் ஒரே குழாயில் போகிற மாதிரி அமையுங்கள்.

மிஸ்ட் மேக்கரைக் கூண்டுக்கு வெளியே, மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட்டில் வையுங்கள். ஒற்றை வட்டு உள்ள கருவி போதும். வட்டுக்கு மேல் 2–3 செ.மீ. தண்ணீர்தான் நிற்கணும்; அதிகமானால் புகை குறையும், வற்றினால் வட்டு எரிந்துபோகும். மிதவை வளையத்தில் பொருத்தினால் தண்ணீர் குறையும்போது வட்டும் சேர்ந்து இறங்கும். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் 8 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி. இன்னொன்றில் இரண்டு இஞ்ச் பி.வி.சி. பைப், கூண்டின் உச்சி வரை. ஃபேனைப் பைப் பக்கம் வைத்துப் புகையை உறிஞ்ச விட்டால் நனைந்து சீக்கிரமே போய்விடும். பைப் பக்கெட்டை நோக்கிச் சரிவாக இருக்கட்டும், உள்ளே சேரும் தண்ணீர் தானாகத் திரும்பிவிடும். நடுவில் தொங்கலாக வளைந்தால் அங்கே தண்ணீர் தேங்கிப் புகையை அடைத்துவிடும்.

பைப்பின் வாய் பையைப் பார்க்கக் கூடாது, பாலிதீன் சுவரைப் பார்க்கணும். காற்று வெளியேற எதிர்ப்பக்கம் கீழே 4 செ.மீ. ஓட்டை நாலு, நெருக்கமான நைலான் துணி ஒட்டுங்கள். சாதாரணக் கொசுவலையில் காளான் ஈ நுழைந்துவிடும்.

டைமர்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம், ஃபேனும் மிஸ்டும் சேர்ந்து. கூண்டின் கொள்ளளவு சுமார் 500 லிட்டர். இந்த ஓட்டத்தில் மணிக்கு நாலைந்து முறை காற்று மாறும். அந்தக் காற்றின் ஈரப்பதத்தை 65 சதவீதத்திலிருந்து 88-க்கு ஏற்ற மணிக்கு ஏறக்குறைய 20 கிராம் தண்ணீர் போதும், வட்டு அதைவிடக் கூடுதலாகவே தரும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் காளானையே பாருங்கள்: மிஸ்ட் ஓடி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் குடையின் மேல் பளபளப்பு மங்கணும். எப்போதும் நீர்ப்படலம் நின்றால் பாக்டீரியா பிடித்துப் பழுப்புப் புள்ளியும் பிசுபிசுப்பும் வரும்.

உப்புநீர்:
மேலே சொன்னதோடு ஒன்று. போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு புகையோடு பறந்து காளான் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும், வட்டிலும் ஏடு கட்டும். ஆர்.ஓ. தண்ணீரோ ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரோ நல்லது. வினிகரில் அரைமணி ஊறவைத்தால் ஏடு கழன்றுவிடும், சுரண்டக் கூடாது.

மீட்டரை நம்புமுன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு ஜிப் கவரில் மூடி எட்டு மணி நேரம். 75 காட்டணும், 81 காட்டினால் எப்போதும் 6 கழித்துக்கொள்ளுங்கள். சென்சார் மேல் புகைத்துளி படிந்தால் 99-லேயே உறைந்து நிற்கும். தட்டின் மறைவில், பையின் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

சாக்குப்படுதா:
நாலு பைக்கு இத்தனை மின்சாதனம் தேவையா என்பது என் கேள்வி. அடித்தட்டு டிரேயில் 5 செ.மீ. ஆற்றுமணல், மூன்று பக்கமும் சாக்கு, நாளுக்கு மூன்று முறை நனைத்தல், காலை மாலை பத்து நிமிடம் முன்படுதாவைத் திறந்து விசிறுதல். மழைக்காலத்துக்கு இதுவே போதும். உங்கள் மொட்டு காய்வதற்கு நேரே காற்று அடிப்பதும், மொட்டின் மேலேயே தெளிப்பதும் காரணமாக இருக்கலாம். தண்ணீர் சாக்குக்கும் மணலுக்கும் மட்டும்.

பால்கனிப்பயிர்:
நன்றி. வேலைக்குப் போவதால் டைமர் வழிதான் எனக்குச் சரி. ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கூண்டு உள்ளே குளிர்ச்சி தருமா?

வைக்கோல்பெட்:
தராது. காற்று ஏற்கெனவே 88-இல் இருக்கும்போது தண்ணீர் ஆவியாகிக் குளிர்விக்க இடமில்லை, வட்டின் சூடு வேறு தண்ணீரில் சேரும். வெள்ளைச் சிப்பிக்கு 25 டிகிரியை ஒட்டி இருக்கணும். கோடையில் அதே கூண்டில் பால் காளான் போடுங்கள், 30–35 டிகிரி அதற்கு உகந்தது. ஆனால் படுக்கைமேல் வேகவைத்த மண் மூடணும், மிஸ்டைக் குறைத்து மண்ணின் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளணும்.

உப்புநீர்:
அடாப்டர், பிளக் எல்லாம் கூண்டைவிட உயரத்தில், வெளியே. அறுவடையைக் குடையின் ஓரம் மேலே மடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தாமதித்தால் வித்துத்தூள் கொட்டும். மூடிய பால்கனியில் ஃபேனும் ஓடினால் வீட்டில் எல்லாரும் இருமுவார்கள்.